வெள்ளெழுத்துக்கு லேசர்: எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது

போன வருடம் என் அத்தான் லேசர் சிகிச்சை செய்துகொள்ளக் கிளம்பினார். வயது 46. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.5 பவர். கல்லூரிக் காலத்திலிருந்து மூக்கில் கண்ணாடி. திருச்சியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரியில் தானே காரோட்டிக் கும்பகோணம் போய் வருவார். மழை நேரத்தில் கண்ணாடி மங்கி அவதிப்பட்டது போதும், இனி கண்ணாடியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்.

காலையில் பேப்பர் படிக்கும்போது மட்டும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரியும். "கிட்டத்துல பார்க்க என் கண்ணு இன்னும் இருபது வயசுக் கண்ணுதான்" என்பது அவர் பெருமை.

"லேசர் செஞ்சா இந்தப் பேப்பர் படிக்கிற சுகம் போயிடும், அத்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "கண்ணாடியை எடுக்கத்தானே போறேன், புதுசா இன்னொரு கண்ணாடி எங்கேர்ந்து வரும்? நீதான் ப்ளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கிறியே, சொல்லு."

அவருக்கு நான் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் லேசர் பற்றி விசாரிக்கும்போது இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். மருத்துவர் சொல்லாமல் விடுவதில்லை. சொன்னது மனதில் பதிவதற்கு முன்னாலேயே விளம்பரம் பதிந்துவிடுகிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவதற்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: வெள்ளெழுத்து. கறுப்பாக அச்சான எழுத்து வெளுத்துத் தெரிவதால் அந்தப் பெயர். என் பாட்டி சாளேஸ்வரம் என்பாள். நாற்பது என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லின் வழியாக வந்தது அது. வேற்று மொழிக்காரர்களும் இதை நாற்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

கண்ணில் ஒளியை வளைத்துக் குவிக்கும் பாகங்கள் இரண்டு. முன்னால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் கருவிழிப் படலம், அதாவது கார்னியா. அதற்குப் பின்னால், பாப்பாவுக்கு (கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளைக்கு) உட்புறம், ஒரு லென்ஸ். கண்ணின் மொத்த பவர் ஏறத்தாழ 60 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு இது) என்றால் அதில் 43 வரை கார்னியாவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் கார்னியாவால் தன் வளைவை மாற்றிக்கொள்ள முடியாது. தூரத்திலிருந்து பார்வையைக் கிட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை லென்ஸுடையது. லென்ஸைச் சுற்றி வளையம்போல் ஒரு தசை இருக்கிறது; அந்தத் தசை சுருங்கினால் லென்ஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் மெல்லிய நார்கள் தளரும்; லென்ஸ் தன் இயல்புப்படி உப்பிக்கொள்ளும்; பவர் கூடும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-ல் எழுதிய விளக்கம் இது. அடிப்படையில் இன்றும் இதைத்தான் பாடமாக நடத்துகிறோம்.

லென்ஸுக்கு ஒரு விசித்திரமான குணம். தோலில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வரும். லென்ஸிலோ புதிய இழைகள் வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், பழையவை எங்கும் போகாது. வெங்காயத்தில் அடுக்கின்மேல் அடுக்கு சேர்வதுபோல் சேர்ந்து, உள்ளே இருப்பவை நெருக்குண்டு இறுகும். தசை சுருங்கினாலும் லென்ஸ் உப்ப மறுக்கும் நாள் ஒன்று வருகிறது. அதுதான் வெள்ளெழுத்து.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 100-ஐத் தூரத்தால் (சென்டிமீட்டரில்) வகுத்தால் தேவையான பவர் கிடைக்கும். 40 சென்டிமீட்டரில் புத்தகம் பிடித்துப் படிக்க 2.5 டயாப்டர் கூடுதலாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் சுமார் 14 டயாப்டர் வரை கூட்டிக்கொள்ளும். மூக்கு நுனியருகே வைத்துக்கூடப் படிக்கும். 45 வயதில் கையிருப்பு நாலுக்குள் வந்துவிடும். 60-ல் ஒன்று இருந்தால் அதிகம். கையிருப்பில் பாதியைத்தான் சோர்வில்லாமல் நெடுநேரம் செலவழிக்க முடியும் என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. நாலில் பாதி இரண்டு. தேவையோ இரண்டரை. கை நீள்வதும், ஜன்னலோரம் நகர்வதும், சாயங்காலமானால் தலைவலிப்பதும் அந்த அரை டயாப்டர் பற்றாக்குறையால்தான்.

இப்போது அத்தானின் இருபது வயதுக் கண்ணுக்கு வருவோம். மைனஸ் 2.5 என்றால், எந்த முயற்சியும் இல்லாமலே அவர் கண் 40 சென்டிமீட்டரில் குவிந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடியைக் கழற்றியதும் பேப்பர் அச்சொட்டாக அந்த இடத்தில் வந்து நிற்கிறது. அவருடைய லென்ஸும் என் அக்காவுடைய லென்ஸைப் போலத்தான் இறுகியிருக்கிறது. அவருடைய மைனஸ், அதாவது தூரத்தை மங்கவைக்கும் கிட்டப்பார்வைக் குறை, அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. லேசரால் அந்த மைனஸை முழுக்கத் துடைத்துவிட்டால் மறைந்திருந்த வெள்ளெழுத்து மறுநாளே வெளியே வந்து நிற்கும்.

லேசர் தொடும் இடம்

லேசர் கண் சிகிச்சை என்று நாம் சொல்வது கார்னியாவைச் செதுக்குவது. இறுகிப்போன லென்ஸின் பக்கமே அது போவதில்லை. லென்ஸை மறுபடி நெகிழ வைக்க முடியுமா என்று விழிவெண்மையில் லேசரால் நுண்துளைகள் இட்டும், லென்ஸுக்குள்ளேயே லேசரைச் செலுத்தியும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அவை எதுவும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. இன்று வெள்ளெழுத்துக்கு லேசர் என்று நமக்குத் தருவதெல்லாம், லென்ஸ் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் கார்னியாவின் தலையில் கட்டும் ஏற்பாடுதான்.

இந்த லேசரின் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-ல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரோடும் எக்ஸைமர் லேசரில் வேலை செய்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது. சுற்றியிருந்த திசுவில் கருகல் இல்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதா ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுகிறது. சூடு பக்கத்தில் பரவுவதற்குள் அந்தத் துணுக்கு ஆவியாகப் பறந்துவிடுகிறது. ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து இதைக் கார்னியாவில் செய்துகாட்டிய கட்டுரை 1983-ல் வந்தது. ஐபிஎம்மின் அந்த மூவருக்குமான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2013-ல் அதிபர் ஒபாமா வழங்கினார்.

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான்தான் இந்த லேசர் எடுக்கும். கார்னியாவின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன், அரை மில்லிமீட்டர்தான். 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு டயாப்டருக்குத் தோராயமாக 12 மைக்ரான் போகும். அத்தானின் 2.5-ஐ முழுக்க எடுக்க 30 மைக்ரான். தலைமுடியில் பாதித் தடிமன்கூட இல்லை. லாசிக் முறையில் முதலில் கார்னியாவின் மேலடுக்கில் நூறு மைக்ரான் சொச்சத்துக்கு ஒரு மெல்லிய மூடியை வெட்டி, புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் திறந்து, அடியில் செதுக்கிவிட்டு மூடுவார்கள். பிஆர்கே முறையில் மூடி கிடையாது, மேல்தோலை நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவார்கள். ஆறும்வரை சில நாள் வலியும் கூச்சமும் இருக்கும். இரண்டிலும் மயக்க ஊசி தேவையில்லை, மரத்துப்போகும் சொட்டு மருந்து போதும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கால் மணி, அரை மணிக்குள் முடிந்துவிடும்.

ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு

கார்னியா அசையாது. ஒரே வளைவு தூரத்தையும் கிட்டத்தையும் ஒருசேரக் குவிக்காது. இந்தச் சிக்கலுக்கு மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி, கண்கள் இரண்டு இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வது. ஒரு கண்ணைத் தூரத்துக்கு முழுமையாகத் திருத்துவார்கள். இன்னொரு கண்ணில் கொஞ்சம் மைனஸை விட்டுவைப்பார்கள், அல்லது புதிதாக உண்டாக்குவார்கள். மோனோவிஷன் என்று பெயர். தூரத்தைப் பார்க்கும்போது ஒரு கண்ணின் மங்கலையும், படிக்கும்போது மற்றதின் மங்கலையும் மூளை ஒதுக்கிவிடப் பழகிக்கொள்ளும்.

எந்தக் கண்ணைத் தூரத்துக்கு வைப்பது? பொதுவாக, ஆளும் கண்ணை. நீங்களே பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்னச் சந்து விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கோபுரத்தையோ விளக்குக் கம்பத்தையோ பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கோபுரம் சந்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண்.

அத்தானுக்கு இது சுலபம். வலது கண்ணில் முழுக்க எடுத்து, இடது கண்ணில் பாதியை, 1.25-ஐ, விட்டுவிடலாம். கம்மியாகச் செதுக்கினால் போதும்.

என் அக்கா கதை வேறு. அவளுக்கு வயது 44, தூரத்துப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது, தையல் மிஷினில் ஜாக்கெட் தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறாள். அவளுக்கு லேசர் என்றால், நன்றாக இருக்கும் ஒரு கண்ணை வேண்டுமென்றே மைனஸாக மாற்ற வேண்டும். கார்னியாவின் நடுவைச் சுற்றி வளையமாகச் செதுக்கினால் நடுப்பகுதி மேடாகி வளைவு கூடும். மைனஸ் 1.5 ஆக்கினால், சொந்த லென்ஸிலிருந்து ஒரு டயாப்டர் சேர்ந்தாலே 2.5. படிக்கலாம். விலை: அந்தக் கண்ணில் தூரம் மங்கும். இதுவரை தூரம் பார்க்கக் கண்ணாடியே போடாதவர்களுக்கு இந்த மங்கல் அதிகமாக உறுத்தும். வளையமாகச் செதுக்கியது வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஆகவே கண்ணாடியே அணிந்திராதவர்கள் இதில் இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. சொந்த லென்ஸின் அந்த ஒரு டயாப்டர் நிரந்தரமில்லை. 45-ல் லேசர் செய்தவருக்கு 58-ல் அது அநேகமாகக் கரைந்திருக்கும். அப்போது மருந்துச் சீட்டைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். லேசர் பழுதாகிவிட்டது என்று அப்போது நினைக்கக்கூடாது. லென்ஸ் தன் போக்கில் இறுகிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மோனோவிஷனை மெருகேற்றிய முறைகளும் உண்டு. இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒன்றரை டயாப்டருக்குள் வைத்து, செதுக்கும் வடிவத்திலேயே நுட்பமான மாற்றம் செய்து ஒவ்வொரு கண்ணுக்கும் தெளிவின் ஆழத்தைச் சற்று நீட்டிவிடுவது ஒன்று. பிரெஸ்பியாண்ட் என்ற பெயரில் இதை மருத்துவமனைகளில் சொல்வார்கள். நடுத்தரத் தூரத்தில், கம்ப்யூட்டர் திரை இருக்கும் இடத்தில், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வது இதன் நன்மை. பிரெஸ்பி லாசிக் என்பது இன்னொன்று. ஒரே கார்னியாவில் நடுவில் கிட்டத்துக்கும் சுற்றிலும் தூரத்துக்குமாகப் பல பவர்களைச் செதுக்குவது. கிட்டத்தில் பார்க்கும்போது பாப்பா சுருங்கும் என்பதால் நடுப்பகுதி அப்போது பயன்படும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பவரின் பிம்பமும் ஒருசேர விழித்திரையில் விழுவதால் எழுத்தின் கருமை சற்றுக் குறையும், சிலருக்கு நிழல் தட்டும். வேண்டாமென்றால் பழையபடி ஆக்குவதும் சிரமம்.

கொடுக்கும் விலை

ஆழம் கணிப்பதற்கு இரண்டு கண்ணும் ஒரே தெளிவோடு பார்க்க வேண்டும். மோனோவிஷனில் அது கொஞ்சம் குறையும். மாடிப்படி இறங்கும்போதும், கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போதும், ஊசிமுனை வேலையிலும் உணர்வார்கள். இரவில் பாப்பா விரியும். செதுக்கிய பகுதியின் விளிம்பு வழியாகவும் ஒளி நுழையும். எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், எல்லோருக்கும் அல்ல.

கண் உலர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூடி வெட்டும்போது கார்னியாவின் நுண்நரம்புகள் அறுபடுகின்றன. கண்ணீர் சுரக்கச் சொல்லும் சேதி அந்த நரம்புகள் வழியாகத்தான் போகிறது. நாற்பதுக்கு மேல், அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு, ஏற்கெனவே கண்ணீர் குறைந்திருக்கும். கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல் இருந்தால் அதைப் பரிசோதனையின்போதே சொல்லிவிடுங்கள். அது சரியான பிறகுதான் லேசர் பற்றிய பேச்சு.

கார்னியா கூம்பாகப் புடைக்கும் நோய் உள்ளவர்கள், கார்னியா மெலிந்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், புரை விழத் தொடங்கியவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. புரை வந்துவிட்டால் வேறு பாதை திறக்கிறது: அந்த லென்ஸையே எடுத்துவிட்டுப் பல தூரத்துக்கும் குவியும் செயற்கை லென்ஸ் வைப்பது. புரை இல்லாமலே ஐம்பதுகளில் இதைச் செய்துகொள்கிறவர்களும் உண்டு. இது கண்ணுக்குள் நுழையும் சிகிச்சை. கடுமையான மைனஸ் உள்ளவர்களுக்கு விழித்திரை பிரியும் ஆபத்து இதில் கூடுதல்.

பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காகிதத்தில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியாகப் பொடி எழுத்தைப் பாருங்கள், தெளிவு கூடும். மருந்து செய்வது அதே வேலைதான், சில மணி நேரத்துக்கு. 2024-ல் இந்தியாவில் இப்படியொரு மருந்து, கண்ணாடியே தேவையில்லை என்ற தொனியில் பரபரப்பாகி, அதன் அனுமதியை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது. கார்னியாவுக்குள் பதிக்கும் ஒரு வகைச் சில்லு 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்று, பதித்த இடத்தில் மங்கல் படியும் ஆபத்தால் 2018-ல் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளெழுத்துக்குப் புதிதாக எது வந்தாலும் சில வருடங்கள் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வெட்டுவதற்கு முன் ஒத்திகை

மோனோவிஷன் ஒத்துவருமா என்பதைக் கத்தியில்லாமலே பார்த்துவிடலாம். ஒரு கண்ணுக்குத் தூரத்துப் பவரும் மற்றதுக்குக் கிட்டத்துப் பவரும் வைத்து கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் உங்கள் அன்றாட வேலைகளைச் செய்யுங்கள். கடைக் கணக்கு, வண்டி, சமையல், படி, எல்லாமே. இதைச் செய்து பார்க்காமல் வெள்ளெழுத்து லேசருக்கு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பேன். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். லேசருக்கான அளவெடுப்பதற்கு முன் அந்த லென்ஸைக் கழற்றி மருத்துவர் சொல்லும் நாட்களுக்குக் கண்ணை விட்டுவைக்க வேண்டும். லென்ஸ் கார்னியாவின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும்.

இன்னொன்று. லேசருக்கு முன் எடுத்த கார்னியா அளவுகள், கண்ணாடிப் பவர், எத்தனை மைக்ரான் செதுக்கினார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் வாங்கி நிலப்பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்துப் புரை வரும். அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கார்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். செதுக்கிய கார்னியா அந்தக் கணக்கைப் பிசகவைக்கும். பழைய தாள் கையில் இருந்தால் பிசகு குறையும்.

அக்கா பரிசோதனைக்குப் போய் வந்து, ப்ளஸ் 1.25-ல் ஒரு கண்ணாடி வாங்கிக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தையல் வேகம் பழையபடி வந்துவிட்டது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. அசாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்குப் படிக்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

அத்தான் ஒத்திகை பார்த்தார். முதல் வாரம் மோனோவிஷன். கடையில் பில் படிக்கச் சௌகரியமாக இருந்தது. கும்பகோணம் சாலையில் ராத்திரி எதிர் விளக்குகள் அவரைத் தவிக்க வைத்தன. இரண்டாவது வாரம் இரண்டு கண்ணுக்கும் தூரத்துப் பவர், சட்டைப் பையில் படிக்கும் கண்ணாடி. வண்டி ஓட்டுவது சுகமாக இருந்தது. இந்த இரண்டாவதையே தேர்ந்தெடுத்து, இரண்டு கண்ணிலும் முழுக்கத் திருத்திக்கொண்டார். செய்து எட்டு மாதமாகிறது. முன்பெல்லாம் பேப்பர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். இப்போது பேப்பர் வந்ததும் கண்ணாடியைத் தேடுகிறார். அது அக்காவின் கழுத்தில் தொங்கினால் அதையே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.